இடமும் கூலியும்

ஓரிடத்தில் வாழும் உரிமை ஒருவருக்கு எதனால் வருகிறது? அங்கே பிறந்ததனால் என்பது எளிய விடை. பிறவாதவர்க்கு? உழைத்ததனால், பயன்பட்டதனால், நன்மை செய்ததனால் என்று அடுத்த விடையை உலகம் தயக்கமின்றிக் கூறிவிடுகிறது. கேட்ட அளவில் நியாயமாகவே தோன்றும் இவ்விடையை ஐயுற்றுப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தை எனக்குத் தந்தது தத்துவ நூல் ஒன்றுமன்று. அமெரிக்கச் சிறுவர்க்காக மலிவுத் தாளில் அச்சான ஒரு படக்கதை.

படக்கதையை வைத்துக்கொண்டு அறம் பேசுவதா என்று முகம் சுளிப்பார் இருக்கக்கூடும். கடலைத் தாண்டியவனையும் மலையைச் சுமந்தவனையும் கோயிற் சுவரில் வணங்கிவிட்டு வந்து, வானில் பறக்கும் பெண்ணை மட்டும் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது எனக்கு விளங்குவதில்லை. மனிதனை மீறிய ஆற்றலைப் பற்றி மனிதன் கட்டும் கதைகள் யாவும், ஆற்றலற்ற தன்னைப் பற்றி அவன் எழுப்பிக்கொள்ளும் வினாக்களே ஆகும்.

1959ஆம் ஆண்டு மே மாதத்திற்குரிய 'ஆக்சன் காமிக்ஸ்' 252ஆம் இதழில், சூப்பர்கேர்ள் எனப்படும் காரா இவ்வுலகில் முதன்முதலாக வந்திறங்குகிறாள். கதை எழுதியவர் ஆட்டோ பைண்டர். படம் வரைந்தவர் அல் பிளாஸ்டினோ. கிரிப்டான் என்னும் கோள் வெடித்துச் சிதறியபோது அதன் துண்டு ஒன்று, ஒரு நகரத்தையும் அதன்மேற் படிந்த காற்றையும் சுமந்தபடி விண்வெளியில் மிதந்து சென்றது. ஆர்கோ என்பது அந்நகரின் பெயர். காலடி நிலமே நஞ்சாக மாறிவிட்டதனால் மக்கள் ஈயத் தகடுகளைப் பரப்பி அவற்றின்மேல் குடியிருந்தனர். காரா பிறந்ததும் அந்தத் தகட்டின்மேல்தான். முன்னோர் வாழ்ந்த கோளை அவள் கண்ணாற் கண்டதில்லை. பெற்றோர் சொல்லக் கேட்டதே அவளுக்குத் தாயகம். இந்த ஒரு செய்தியாலேயே அக்கதை எனக்கு அயலாகப் படவில்லை. இழந்த ஊரை நினைவிற் கொண்டவர் ஒருவகை. இழந்தவர்களின் நினைவை மட்டுமே மரபுரிமையாகப் பெற்றவர் மற்றொரு வகை. காரா இரண்டாம் வகையினள்.

விண்கற்கள் அந்தத் தகடுகளையும் துளைத்தபோது, தந்தை தன் ஒரே மகளை ஒரு விண்கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்புகிறான். அங்கே தன் உடன்பிறந்தவனின் மகன் சூப்பர்மேன் என்னும் பெயரோடு வாழ்வதை அவர்கள் தொலைநோக்கியின் வழியே அறிந்திருந்தனர். அவன் கண்டவுடன் இனங்கண்டுகொள்ள வேண்டுமே என்று தாய் அவனுடைய உடையைப் போலவே ஓர் உடையைத் தைத்து மகளுக்கு அணிவிக்கிறாள். அகதியாகப் போகும் பிள்ளையின் கையில் ஒரு முகவரிச் சீட்டைத் திணித்து அனுப்பும் தாயின் செயல் இது. கதையாசிரியர் இதில் நின்று உருகவில்லை. ஒன்றிரண்டு கட்டங்களில் கடந்துவிடுகிறார்.

வந்திறங்கியவளுக்கு வயது ஏறத்தாழ 15. நம் முறைப்படி சூப்பர்மேன் அவளுக்கு அண்ணன் ஆகவேண்டும். உலகில் தனக்கென எஞ்சிய ஒரே உறவு என்று அவன் மகிழத்தான் செய்கிறான். ஆயினும் தன்னோடு தங்கலாமா என்று அவள் கேட்கும்போது, தன் மறைவாழ்வு வெளிப்பட்டுவிடும் என்று மறுத்து, மிட்வேல் என்னும் ஊரிலுள்ள அனாதை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். பொன்னிறக் கூந்தலை மறைக்க, இரட்டைப் பின்னலிட்ட பழுப்புநிறப் பொய்முடி. காரா என்னும் பெயரை மறைக்க, லிண்டா லீ என்னும் பெயர். அவள் இருப்பதை எவரும் அறியக் கூடாது. ஆற்றலைக் கையாளும் பயிற்சி முடியும்வரை மறைவில் இருக்க வேண்டும். வேண்டும்போது அவன் அழைப்பான். தன் கமுக்கமான படைக்கலம் என்றே அவளை அவன் குறிப்பிடுகிறான். அதே ஆண்டின் இறுதியில் வந்த ஒரு கதையில், கட்டளை மீறினாள் என்று சொல்லி ஓராண்டுக் காலத்திற்கு ஆளற்ற சிறுகோள் ஒன்றுக்கு அவளை நாடு கடத்துகிறான். அது அவளுடைய உறுதியை அறிவதற்காக வைத்த சோதனை என்பது இறுதியில் தெரிகிறது.

இவற்றை எழுதியவர் கொடுமை என்று கருதி எழுதவில்லை. அக்காலத்துப் பத்திரிகைச் சிறுவர்கள் அவற்றைக் கொடுமையாகப் படித்திருக்கவும் மாட்டார்கள். அன்புள்ள ஒரு காப்பாளனின் கண்டிப்பு என்றே எண்ணியிருப்பர். எண்ணத் தகுந்ததும் அதுவே: இடம்பெயர்ந்து வந்த பிள்ளைக்குச் சோதனை வைப்பது எவ்வளவு இயல்பான செயலாகக் கருதப்படுகிறது! மறைந்து வாழ், பயன்படு, அனுமதி கிடைக்கும்வரை காத்திரு என்பன அவளுக்கு இடப்பட்ட நிபந்தனைகள். அவளைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக அதே கோளிலிருந்து வந்த சூப்பர்மேனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கைக்குழந்தையாக வந்தான், கென்ட் என்னும் குடியானவ இணையர் எடுத்து வளர்த்தனர், அவர்களது மொழியே அவனுக்குத் தாய்மொழியாயிற்று. குழந்தையை ஊர் எளிதில் ஏற்கிறது, அதற்குப் பழைய நினைவு இல்லை. வேறொரு பெயரும் வேறொரு மொழியும் வேறொரு வானத்தின் நினைவும் கொண்டு 15 வயதில் வந்து நிற்பவளைத்தான் ஊர் நிறுத்தி வைத்து விசாரிக்கிறது.

இது கற்பனையோடு நிற்கும் செய்தியன்று. 1938 நவம்பரில் செருமனியில் யூதர்தம் கடைகளும் வழிபாட்டிடங்களும் கொளுத்தப்பட்ட பின்னர், ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் செருமனி, ஆஸ்திரியா, செக்கோசுலோவாக்கியா முதலிய நாடுகளிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 17 வயதுக்கு உட்பட்டவர்க்கே இடம், பெற்றோர்க்கு இல்லை. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 50 பவுன் ஈடாகக் கட்டப்பட வேண்டும் என்றும் நிபந்தனை எழுந்தது. பின்னர் ஒருநாள் அவர்களை வேறெங்கேனும் அனுப்புவதற்கான செலவு அது. பிள்ளைகளைக் காத்த அச்செயல் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. பலர் தம் பெற்றோரை மீண்டும் காணவே இல்லை. ஆயினும் உயிர் காத்த அந்தக் கையிலேயே ஒரு கணக்கேடும் இருந்தது என்பதை மறந்துவிட முடியாது. சுமையாகமாட்டேன் என்னும் உறுதிமொழியோடுதான் அந்தப் பிள்ளைகள் கப்பலிலிருந்து இறங்கினர். 1940இல் போர் முற்றியபோது அவர்களுள் வயதில் மூத்த சிலர் பகைநாட்டார் என்று முகாமில் அடைக்கப்பட்டதும் உண்டு.

சூப்பர்மேனை 1938இல் படைத்து உலவவிட்ட ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் ஆகிய இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மக்கள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அயலவன் ஒருவன் தன் பெயரை மறைத்துக் கண்ணாடி அணிந்து ஊராரோடு ஒன்றிக் கலந்து, அவ்வூரை ஆபத்திலிருந்து காக்கிறான் என்னும் கதை குடியேறியவர் இல்லங்களிலிருந்து பிறந்ததில் வியப்பென்ன?

செருமனியை விட்டு ஓடி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த ஹன்னா ஆரென்ட் 1943இல் அகதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் கோன் என்னும் கற்பனை மனிதர் ஒருவர் வருகிறார். செருமனியில் இருந்தபோது நூற்றுக்கு நூற்றைம்பது பங்கு செருமானியராக இருந்தவர். வியன்னாவுக்குப் போனதும் அதே அளவுக்கு ஆஸ்திரியர். பாரிசில் அதே அளவுக்குப் பிரெஞ்சுக்காரர். நகைக்கும்படி எழுதப்பட்ட பகுதிதான். நகைத்து முடித்ததும் நெஞ்சு கனக்கும். காராவின் பொய்முடியும் கோன் அவர்களின் நாட்டுப்பற்றும் ஒரே கடையில் வாங்கிய பொருள்கள். பின்னர் 1951இல் வெளிவந்த பெருநூலில், நாடற்றவர்களுள் புகழ்பெற்றவர்க்கு மட்டும் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதை ஆரென்ட் குறிப்பிட்டார். அதற்கு அவர் காட்டிய உவமை கசப்பானது: பெயருள்ள நாய்க்கும் வெறும் தெருநாய்க்கும் உள்ள வேறுபாடுதான் அது என்றார்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று அவ்வுவமைக்கு உரைபோல் அமைந்திருக்கிறது. 2018 மே 26ஆம் நாள் பாரிசு நகரில், அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடி முகப்பில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கூட்டம். மாலி நாட்டிலிருந்து வந்து உரிய ஆவணமின்றித் தங்கியிருந்த மமுது கசாமா என்னும் 22 வயது இளைஞர், ஒவ்வொரு மாடியின் முகப்பையும் பற்றி வெறுங்கையால் மேலே ஏறிக் குழந்தையைத் தூக்கிக் காத்தார். உலகம் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று கொண்டாடியது. இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் மக்ரோன் தம் மாளிகைக்கு அழைத்துப் பாராட்டினார், ஆவணங்கள் வந்தன, அதே ஆண்டில் குடியுரிமையும் வந்தது, தீயணைப்புப் படையில் பணிபுரியும் வாய்ப்பும் வந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2015 சனவரியில் பாரிசு கடையொன்றில் துப்பாக்கிக்காரன் புகுந்தபோது, அங்கே வேலை பார்த்த லசானா பத்திலி என்னும் மற்றொரு மாலி இளைஞர் வாடிக்கையாளர் சிலரை நிலவறைக் குளிர்பதனக் கிடங்கில் ஒளித்துக் காத்தார். அவர் முன்னரே குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர். நிகழ்ச்சிக்குப் பின் இரண்டு வாரத்திற்குள் அது கிடைத்தது.

இவ்விருவரும் பெற்றது தகுதியற்ற பேறு என்று எவரும் சொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் மே 26ஆம் நாள் காலையில் கசாமா யாராக இருந்தாரோ அவரே மாலையிலும். கைவலிமையும் நெஞ்சின் ஈரமும் காலையிலும் அவரிடம் இருந்தன. காலையில் பிடித்து நாடு கடத்தத் தக்கவர், மாலையில் மாளிகைக்கு அழைக்கத் தக்கவர் ஆனார் எனின், இடையில் மாறியது அவரல்லர், பார்த்தவர் கண். அவரைப் போன்றே கடல் கடந்து வந்து, குழந்தை எதுவும் தொங்காத தெருக்களில் நடந்துகொண்டிருக்கும் மற்றவர் நிலை என்ன? மூட்டுவலியால் ஏற முடியாதவர், உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர், கைக்குழந்தையோடு வந்த தாய் ஆகியோர் எந்த மாடியை ஏறிக் காட்டுவது?

நம் மேடைகளிலும் இக்குரலின் எதிரொலியைக் கேட்கிறோம். காட்டை அழித்தவர், பால்மரம் சீவியவர், இருப்புப்பாதை இட்டவர் நம்மவர். ஆகையால் இம்மண் நமக்கும் உரியது என்கிறோம். வரலாறு மெய். மறைப்பவர் முன்னிலையில் அதை எடுத்துரைப்பதும் கடமை. ஆயின் அந்த 'ஆகையால்' என்னும் சொல்லை நான் அஞ்சுகிறேன். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, குடியுரிமைத் தாள் இல்லாதவர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்றானபோது, தோட்டப் பாட்டாளிகள் பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்கள் உழைப்பிற் குறை வைத்தவர் அல்லர். உழைப்பையே ஒரே சான்றாகக் காட்டுவோமாயின், அச்சான்று அவர்களைக் காக்கவில்லை என்பதையும் எண்ணவேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். அப்படியானால் காரா யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லையா? உண்ண உணவும் உறங்க இடமும் தந்த உலகத்திற்கு அவள் கடன்பட்டவள் அல்லளா? வீழும் பாலத்தைத் தாங்கும் தோளை வைத்துக்கொண்டு, எனக்கென்ன என்று அவள் இருந்துவிடலாமா?

இருந்துவிடலாகாது என்பதே என் கருத்தும். ஆனால் அக்கடமை எங்கிருந்து பிறக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. பாலம் வீழ்கிறது, அவளால் தாங்க முடியும், ஆகவே தாங்கவேண்டும். இக்கடமை மிட்வேலில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அத்தகைய தோள் இருந்திருப்பினும் அப்படியே பொருந்தும். அயலிலிருந்து வந்தவள் என்பதற்காக அது ஒரு மாற்றுக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அடைக்கலம் தந்தார்க்கு நன்றி பாராட்டுவது வேறு. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரத்திலும் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். ஒப்புரவுக்கு அவர் முதலிற் காட்டும் எடுத்துக்காட்டு மழை. மழை எவருக்கும் கடன்பட்டுப் பெய்வதில்லை. இவ்விரண்டினின்றும் வேறானது வாடகை. வாடகை தவறினால் வீட்டுக்காரர் வெளியேற்றலாம். நன்றி தவறியவனை இகழலாமேயன்றி நாடு கடத்தல் ஆகாது. பயன்பட்டால் இரு, இன்றேல் போ என்று கூறுவோர் கடமையின் மொழியில் வாடகையைக் கேட்கின்றனர்.

இமானுவேல் காண்ட் 1795இல் நிலைத்த அமைதி பற்றி எழுதிய சிறுநூலில், அயலவன் பகையாக நடத்தப்படாமல் ஒரு நாட்டில் வந்து சேரும் உரிமையைப் பேசுகிறார். அது இரக்கத்தின்பாற்பட்டதன்று, உரிமையின்பாற்பட்டது என்பது அவர் வலியுறுத்தும் கருத்து. அதற்கு அவர் கூறும் காரணம் எளிமையானது: பூமி உருண்டை, மனிதர் முடிவின்றி விலகி விலகிச் சென்றுகொண்டே இருக்க இயலாது, ஆகவே ஒருவரை ஒருவர் பொறுத்தே ஆகவேண்டும். வந்தவனைத் திருப்பி அனுப்பவும் செய்யலாம் என்கிறார். ஆனால் அதனால் அவன் அழிவான் என்றால் ஆகாது. நிலைத்த விருந்தினனாகத் தங்கும் உரிமையை அவர் இதில் சேர்க்கவில்லை. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்று நிறுத்திக்கொள்கிறார். அவ்வளவு சிக்கனமாக அளந்து தந்த உரிமையிலும், வந்தவன் என்ன திறமை கொண்டுவந்தான் என்னும் கேள்வி இல்லை. ஆர்கோ நகரம் அழிந்துவிட்டது. காராவைத் திருப்பி அனுப்ப ஓரிடமும் இல்லை. காண்டின் அளவுகோலின்படி, அவள் இருக்கலாம் என்பதற்கு இதுவே போதும். பறக்கத் தெரியாதவளாக இருந்திருந்தாலும் போதும்.

படக்கதையே இதை ஒருமுறை தன்னையறியாமல் ஒப்புக்கொண்டது. அனாதை இல்லத்தில் இருந்த நாளெல்லாம், தன்னைத் தத்தெடுக்க வந்தவர்களைக் காரா தட்டிக்கழித்து வந்தாள். ஆற்றலை மறைத்து ஒரு குடும்பத்தில் வாழ்வது அரிது என்பது காரணம். 1961இல் ஒரு பகைவியின் சூழ்ச்சியால் அவள் தன் ஆற்றல் அனைத்தையும் இழக்கிறாள். இனித் திரும்பாது என்று நம்பிய அந்த நிலையில்தான், பிரெட், எட்னா டான்வர்ஸ் இணையர் தன்னை மகளாக ஏற்க இசைகிறாள். அவர்கள் கண்டது பழுப்பு முடியுடைய ஓர் அனாதைப் பெண்ணை மட்டுமே. வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தந்தனர். பின்னர் ஆற்றல் மீண்டதும், 1962இல் சூப்பர்மேன் அவளை உலகறிய வெளிப்படுத்தியதும், வீதியெங்கும் ஆரவாரம் எழுந்ததும், குடியரசுத் தலைவரே வரவேற்றதும் வேறு கதை. ரசிகர்கள் போற்றுவது அந்த 1962ஆம் ஆண்டு இதழைத்தான். எனக்கோ 1961ஆம் ஆண்டின் அந்த அறை பெரிதாகப் படுகிறது. ஒன்றுக்கும் பயன்படாதவள் என்று தன்னைத் தானே கருதியிருந்த நேரத்தில் அவளுக்கு அது கிடைத்தது.

இக்காலத்தார் அவள் கதையை மாற்றிச் சொல்கின்றனர். 2004இல் வந்த படக்கதையிலும், 2015 முதல் 2021 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரிலும், காரா சூப்பர்மேனுக்கு மூத்தவள். கைக்குழந்தையான தம்பியைப் பூமியில் பாதுகாத்து வளர்க்கவே பெற்றோர் அவளை அனுப்புகின்றனர். தொலைக்காட்சித் தொடரில், அவளுடைய கலம் வழிதவறி, காலம் நகராத ஒரு வெளியில் 24 ஆண்டுகள் சிக்கிக்கொள்கிறது. 13 வயதினளாகவே வந்து இறங்குகையில், தூக்கி வளர்க்க வேண்டிய குழந்தை வளர்ந்த ஆண்மகனாக, உலகையே காக்கும் வீரனாக எதிரே நிற்கிறான். எதற்காக வந்தாளோ அந்தப் பணி முடிந்துபோயிற்று. பழைய கதையைவிட இது ஆழமானது என்பேன். பயன்படுவதற்கே இடம் என்றால், பயன் தீர்ந்தவளுக்கு எந்த இடம்?

இவ்வினாவை நம் மணிமேகலைக் காப்பியம் முன்னமே எழுப்பியிருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், தாயாற் கைவிடப்பட்டு, எடுத்து வளர்த்தவராலும் துரத்தப்பட்டவன். மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டு வாழ்ந்தவன். இந்திரன் பொறாமையுற்று மழையைப் பொழிவித்து நாட்டைச் செழிக்கச் செய்கிறான். பசி இல்லை, ஆகவே ஆபுத்திரனைத் தேடி வருவாரும் இல்லை. கையில் பாத்திரத்தோடு ஊரூராக அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். காற்றினால் கலம் மணிபல்லவத் தீவில் தங்க, அவன் இறங்கியதை அறியாது கப்பல் போய்விடுகிறது. உலகையே ஊட்டவல்ல பாத்திரமும், உண்ண ஒருவரும் இல்லாத தீவும். தான் மட்டும் உண்டு வாழ்வதை விரும்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் விடுகிறான். அவனது அருளை உலகம் போற்றுகிறது. எனினும் பாத்திரம் பயனற்றதாகிய பிறகு ஆபுத்திரனுக்கு ஒரு திண்ணை தர மதுரையில் ஒருவரும் இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. வளம் பெற்ற ஊர் வயிறார உண்டது. நேற்றுத் தன்னை ஊட்டியவனை மறந்தது.

அதே பாத்திரம் பின்னர் மணிமேகலையின் கைக்கு வருகிறது. அவளும் உறங்கும்போது வானவழியே கொண்டுசெல்லப்பட்டு, அறியாத தீவில் தனியே விழித்து அழுதவள். வேற்றுருக் கொள்ளவும் வானிற் செல்லவும் பசியைப் போக்கவும் மந்திரம் பெற்றவள். காராவின் தமக்கை என்றே சொல்லலாம். புகாருக்கு மீண்ட அவள் உடனே கொடையைத் தொடங்கிவிடவில்லை. ஆதிரை என்னும் இல்லாள் மனைமுன் சென்று நின்று, அவளிடம் முதற்பிச்சை ஏற்கிறாள். அதன் பின்பே பாத்திரம் சுரக்கிறது. காப்பிய ஆசிரியர் கற்பின் சிறப்பைக் காட்ட இதை அமைத்தார் என்பது உரைமரபு. நான் அதை மறுக்கவில்லை. அதனோடு, அளவற்ற ஆற்றலுடையவளும் முதலில் ஒரு வீட்டு வாசலில் நின்று பிறர் கையால் ஏற்றாக வேண்டும் என்னும் செய்தியும் அதிலுண்டு என்று கருதுகிறேன்.

தொலைக்காட்சித் தொடரின் அமைப்பும் இதற்கு மாறுபடவில்லை. பணியை இழந்து வந்த 13 வயதுக் காராவை டான்வர்ஸ் குடும்பம் வளர்க்கிறது. அலெக்ஸ் என்னும் பெண் அவளுக்கு உடன்பிறந்தாள் ஆகிறாள். பல ஆண்டுகள் காரா எந்த வீரச்செயலும் புரியவில்லை. பள்ளி சென்றாள், வளர்ந்தாள், ஓர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து காப்பி வாங்கிக் கொடுத்தாள். அவள் முதன்முதலாக ஊரறியப் பறந்து சென்று தாங்கிப் பிடித்த விமானத்தில் அலெக்ஸ் இருந்தாள். இடத்தைச் சம்பாதிப்பதற்காக அவள் பறக்கவில்லை. தமக்கைக்கு ஆபத்து என்றதும் பறந்தாள். அத்தனை ஆண்டுகள் உண்டு உறங்கிச் சண்டையிட்டுச் சமாதானமான வீடு ஒன்று இல்லாதிருந்தால், அவ்விமானம் அவளுக்கு யாரோ ஏறிச்சென்ற விமானமாகவே இருந்திருக்கும். முதலில் தகுதியைக் காட்டட்டும், பிறகு இடம் தருவோம் என்போர் இவ்வரிசையை நோக்குதல் நலம்.

பழைய காராவின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1985இல் வெளிவந்த 'எல்லையற்ற உலகங்களின் நெருக்கடி' என்னும் தொடரின் ஏழாம் இதழில், சூப்பர்மேனைக் காக்கப் போரிட்டு அவள் உயிர் துறக்கிறாள். சாவு பெரிதன்று, வீரர்கள் சாவதுண்டு. அடுத்து நிகழ்ந்ததே கொடியது. கிரிப்டானின் ஒரே எச்சம் சூப்பர்மேன் என்றிருந்தால்தான் கதை சிறக்கும் என்று பதிப்பகத்தார் கருதினர். ஆகவே புதிதாக அமைத்த உலகில் காரா என்றொருத்தி வந்ததே இல்லை என்றாயிற்று. 26 ஆண்டுக் கால வாழ்வும் பணியும் துடைக்கப்பட்டன. அவளால் உயிர் பெற்றவனுக்கும் அவள் நினைவு இல்லை. உலகறிய வழங்கப்பட்ட இடம் எத்தனை எளிதில் திரும்பப் பெறப்படும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று கற்பனையில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆலன் பிரென்னர்ட் என்னும் எழுத்தாளர் இதை மனத்திற் கொண்டார் போலும். 1989இல் வந்த கிறித்துமசு மலர் ஒன்றில் ஒரு சிறுகதை எழுதினார். இறந்தும் ஆவியாக உலவிப் பிறர்க்கு உதவிவரும் ஒருவன், தன்னை எவரும் காண்பதில்லை, நன்றி கூறுவாரும் இல்லை என்று மனம் வெறுத்து நிற்கிறான். பண்டிகை நாள், எல்லா வீடுகளிலும் விளக்கு. பொன்னிறக் கூந்தலுடைய பெண் ஒருத்தி அவன் அருகில் வருகிறாள். அவளுக்கு மட்டும் அவன் புலப்படுகிறான். உதவி செய்வது எவரேனும் காண்பதற்காகவா என்று அவனிடம் வழக்காடுகிறாள். செய்தாக வேண்டியிருப்பதால் செய்கிறோம், யாரும் அறியாவிட்டாலும் செய்வோம் என்னும் கருத்தைச் சொல்கிறாள். அவன் மனம் தேறி அவள் பெயரைக் கேட்கிறான். காரா என்கிறாள், அப்பெயரால் அவனுக்கு ஒன்றும் விளங்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது.